பாழ்த்தீவும் நரகக் குண்டமும்

தோற்றுவாய்

ஓர் இடத்துக்குப் பெயரிட்டவர் யார் என்னும் வினா வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் எனப் பரந்து கிடக்கும் மானாவாரிச் சீமைக்கு இருவகைப் பெயர்கள் வழங்கி வந்துள்ளன. ஒன்று, இம்மண்ணில் உழுது வாழ்ந்தோர் இட்டது. கரிசல் என்றும் செவல் என்றும் மண்ணைப் பிரித்தறிந்தோர், ஊருணிக்கு ஒரு பெயரும் ஏந்தலுக்கு ஒரு பெயரும் கண்மாய்க்கு ஒரு பெயருமாக நீர் நிற்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் வைத்தனர். மற்றொன்று, வெளியிலிருந்து வந்து திரும்பியோர் இட்டது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த அலுவலர்களின் நாவில் அது ‘தண்ணியில்லாக் காடு’ ஆயிற்று. தவறு செய்த ஊழியரை அச்சுறுத்துவதற்கு அந்த ஒரு தொடரே போதுமானதாக இருந்தது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துள் அடங்கிய பின்னரும் அத்தொடர் வழக்கொழியவில்லை.

ஆயின் திருச்சுழி என்னும் பெயரே நீரைக் குறிப்பது. சுந்தரர் பாடிய இத்தலத்தின் பழம்பெயர் திருச்சுழியல். ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது இறைவன் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, அவ்வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளிறங்கிற்று என்பது தலபுராணச் செய்தி. வெளியார் தண்ணியில்லாக் காடு என்று தள்ளிய நாட்டின் நடுவே, ஊரார் நீர்ச்சுழியின் பெயரைக் காத்து வந்திருக்கின்றனர் என்பது எண்ணத்தக்கது.

இவ்வாறே, வெளியார் இட்ட பெயரால் தள்ளப்பட்ட வேறு இரண்டு இடங்கள் உள. அவை திருச்சுழிக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில் உள்ள எரிமலைத் தீவுகள். ஒன்றைக் கப்பலோட்டிகள் ‘பாரன் தீவு’ என்றனர். பாழ்த்தீவு என்பது அதன் பொருள். மற்றொன்றின் பெயர் ‘நார்கண்டம்’. நரகக் குண்டம் என்பதன் திரிபு அது என்பர். இவ்விரு தீவுகளையும் கண்டவர்கள் யாவர், கண்டவர்கள் அங்கே விட்டுவந்தவை எவை, அவ்வரலாறு நம் சீமைக்கு உணர்த்துவது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவுகளின் இயல்பு

அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அந்நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. இந்திய மண்ணில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் எரிமலை இது ஒன்றே. குறுக்களவு மூன்று கிலோமீட்டர் அளவினதாகிய வட்டத்தீவு. சுற்றிலும் பழைய எரிமலையின் சுவர். மேற்கே மட்டும் அச்சுவர் உடைந்து கடலுக்கு வழி விட்டிருக்கிறது. நடுவே சாம்பலாலும் கரிக்கற்களாலும் ஆன கூம்பு எழுந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது மலையின் முடி மட்டுமே. அதன் அடி 2,000 மீட்டருக்கும் ஆழமான கடலின் தரையில் ஊன்றியுள்ளது.

நார்கண்டம் இதற்கும் வடகிழக்கே, மியன்மாரை நோக்கிய திசையில் இருப்பது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் அளவே. ஆனால் அதன் உச்சி 700 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. மனிதர் எழுதிவைத்த காலம் முழுவதும் அது சீறியதாகச் செய்தி இல்லை. அடி முதல் முடி வரை பசுங்காடு போர்த்திய மலை அது.

இவ்விரண்டும் ஒரே காரணத்தால் பிறந்தவை. இந்தியாவைத் தாங்கிய நிலத்தட்டு கிழக்கு நோக்கி நகர்ந்து பர்மாத் தட்டின் கீழே செருகிச் செல்கிறது. ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகி மேலெழுகிறது. அந்தச் செருகலின் விளிம்பு ஒரே மூச்சில் நழுவியதன் விளைவே, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலை. எனவே இத்தீவுகள் நமக்கு முற்றிலும் அயலானவை என்று கூற இயலாது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நன்று. கரிசல் மண் கறுத்திருப்பதால் அதுவும் எரிமலையின் கொடை என்று கருதுவோர் உளர். தக்காணத்தின் வடபகுதிக் கரிசல், ஏறத்தாழ 660 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்பது உண்மை. தென்தமிழ்நாட்டுக் கரிசலோ பெரும்பாலும் வேறு வகைத் தொல்பாறைகள் சிதைந்து உருவானது. ஆகவே நம் சீமைக்கும் அத்தீவுகளுக்கும் உள்ள ஒற்றுமை மண்ணில் இல்லை. அவை பெயர்பெற்ற முறையிலும், அப்பெயரால் அடைந்த விளைவிலும் உள்ளது.

பெயரில் நேர்ந்த பிழை

நார்கண்டம் என்பதனை ‘நரக குண்டம்’ என்னும் வடசொற்றொடரின் திரிபாகக் கொள்ளுதல் அறிஞர் வழக்கு. குண்டம் என்பது தமிழர்க்கும் பழகிய சொல்லே. வேள்விக் குண்டம் என்றும் பூக்குண்டம் என்றும் வழங்குகிறோம். குண்டு என்பதற்குப் பழந்தமிழில் ஆழம், பள்ளம் என்னும் பொருள்கள் உண்டு. திருச்சுழியை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரும் குண்டாறு என்பது நினைவில் எழாமல் இராது.

ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. தீக்கக்கும் தீவுக்கு நரகக் குண்டம் என்ற பெயர் பொருந்தும். பசுங்காடு மூடிய தீவுக்கு அது எவ்வாறு பொருந்தும்? பழங்கால மாலுமிகள் கனலும் தீவுக்கு இட்ட பெயர், பிற்கால வரைபடங்களில் இடம் மாறி, அண்டைத் தீவின்மேல் ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அங்ஙனமாயின், தன்மேல் குற்றம் ஏதுமில்லாத ஒரு பசுந்தீவு, வரைபடம் எழுதியோரின் கைப்பிழையால் நரகம் எனப் பெயர் சுமந்ததாகும்.

தமிழர் கண்ட கடல்

இக்கடல் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. அது இன்றைய நிக்கோபார். படையெடுத்துச் சென்றோரின் கண்ணில் தீவுகள் வெற்றிப்பட்டியலின் வரிகளாயின.

அதனினும் நுட்பமான காட்சி ஒன்று மணிமேகலையில் உளது. ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளிழந்து கடல் கடக்கிறான். கலம் கவிழ்கிறது. ஒடிந்த மரத்தைப் பற்றி அலையோடு சென்று நக்க சாரணராகிய நாகர் வாழும் மலையை அடைகிறான். ஆடையற்ற அம்மக்கள் மனிதரைத் தின்போர் எனக் காப்பியம் கூறுகிறது. அவர்கள் நெருங்கி வந்தபோது அவனைக் காத்தது வாளன்று. அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தமையே. அவன் அவர்கள் மொழியில் பேசுகிறான், தலைவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறான், உரையாடுகிறான், நட்புற்றுத் திரும்புகிறான். நாகர் மலை எதுவென்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. நக்க என்னும் சொல்லை நக்கவாரத்தோடு இணைத்துக் காண்போரும் உளர். இடம் எதுவாயினும் அக்கதை உணர்த்தும் உண்மை ஒன்று. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவனுக்கு அச்சமாகத் தோன்றும் நிலம், இறங்கித் தங்கி அதன் மொழியைக் கற்றவனுக்கு வேறொன்றாகத் தெரியும்.

நம் சீமையின் மக்களே இக்கடலைக் கடந்த துயரமும் உண்டு. 1799இல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் கிளர்ச்சி எழுந்தது. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளம்புதல்வன் துரைச்சாமியும் அவர்களுள் ஒருவன். தண்டனைக்கு இடமாக ஒரு தீவைத் தேர்வது அன்றைய ஆட்சியின் வழக்கம். தண்டனைக்கு இடமாக ஒரு வறண்ட மாவட்டத்தைத் தேர்ந்த பிற்கால அலுவலக வழக்கம் அதன் எளிய தொடர்ச்சியே எனலாம்.

கடந்து சென்றவர்கள்

பாரன் தீவைப் பற்றிய உறுதியான குறிப்புகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகின்றன. 1787இல் அப்பக்கம் சென்றோர் புகையெழக் கண்டனர். அந்தமானை அளக்க வந்த ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் இத்தீவை அணுகியபோது மலை முழு வேகத்துடன் சீறிக் கொண்டிருந்தது. மூன்று நான்கு டன் எடையுள்ள செந்தழற்கற்கள் தூக்கி எறியப்பட்டதாக அவர் பதிவு செய்தார். 1803இல் அவ்வழியே சென்ற கப்பலிலிருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மலை வெடிப்பதைக் கணக்கிட்டனர். அதன் பின்னர் சீற்றம் படிப்படியாக அடங்கிற்று.

1857இல் நாட்டில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வேளையில், சிறைக் குடியிருப்புக்கு ஏற்ற இடம் தேடி மூவர் குழுவொன்று ‘புளூட்டோ’ என்னும் நீராவிக் கப்பலில் அந்தமானுக்கு வந்தது. மருத்துவர் மவுவாட் அதன் தலைவர். அக்குழு பாரன் தீவையும் பார்த்தது. அந்நாளில் கரையிறங்கும் இடத்தில் பாறைகளினூடே கசிந்த நீர், கைபொறுக்காத சூடு உடையதாயிருந்தது. அவர்கள் வந்த நோக்கம் வேறு. எனவே தீவைக் கண்டு வியந்து திரும்பினர். அடுத்த ஆண்டிலேயே போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது.

இவர்கள் எழுதியவை பயனுள்ளவையே. எனினும் இக்குறிப்புகள் அனைத்திலும் பேசப்படுவது நெருப்பு மட்டுமே. தீவில் எது வாழ்கிறது என்னும் வினாவை எழுப்புவதற்கு வேறு வகைப் பயணம் ஒன்று தேவைப்பட்டது.

1873ஆம் ஆண்டுப் பயணம்

அப்பயணத்தை முன்னின்று நடத்தியவர் தமிழ்நாட்டில் வேறு காரணத்துக்காகப் பெயர் அறியப்பட்டவர். 1885இல் இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அவர். அரசுப் பணியாளராயிருந்த அவருக்குப் பறவை ஆராய்ச்சியே உயிர். 1873 மார்ச்சில் அவர் அந்தமான் நிக்கோபார் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றோர் மூவர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வாலண்டைன் பால். அதே துறையினரான பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வுட்-மேசன். பறவை, பாறை, கடலுயிர் எனத் தனித்தனிப் புலமை உடையோர் ஒரே கப்பலில் தீவுதோறும் இறங்கி ஏறிய அப்பயணம் அந்நாளில் அரியதாகும்.

வாலண்டைன் பால், பாரன் தீவு, நார்கண்டம் ஆகிய இரு எரிமலைகளையும் பற்றி அவ்வாண்டிலேயே கட்டுரை வெளியிட்டார். ஹியூமோ நார்கண்டத்தின் காட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையைக் கண்டு, அத்தீவின் பெயராலேயே அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். அதுவே நார்கண்டம் இருவாட்சி. நரகம் என்று பெயர்பெற்ற இடத்திலிருந்து உலகம் முதலில் பெற்ற நற்செய்தி அதுவாகும்.

அப்பயணத்தினரின் பிற்கால வாழ்வும் குறிப்பிடத்தக்கது. ஸ்டோலிக்ஸ்கா அடுத்த ஆண்டே, யார்க்கண்டு சென்று திரும்பும் வழியில் இலடாக்கில் உயிர்நீத்தார். ஹியூம் பல்லாண்டுகள் உழைத்து எழுதிய பறவை நூற் கையெழுத்துப்படிகள், அவர் இல்லாத வேளையில் பணியாளர் ஒருவரால் சிம்லாக் கடைவீதியில் பழைய காகிதமாக விற்கப்பட்டன. மனமுடைந்த அவர், ஏறத்தாழ 82,000 பறவைத் தோல்களும் முட்டைகளும் அடங்கிய தம் தொகுப்பை 1885இல் இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். எழுதப்பட்டது பேணப்படாவிடின் எடைக்குப் போகும் என்பதனை ஏடுகளை இழந்த தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதன் பின்னர் 1884இல் மாலெட் என்னும் புவியியலாளரும் கேப்டன் ஹாப்டே என்னும் நில அளவையாளரும் இரு தீவுகளையும் ஆராய்ந்தனர்; அவர்தம் ஆய்வு மறு ஆண்டில் நூலாக வெளிவந்தது. பெயர் இட்டோர் கடந்து சென்றனர். பொருள் கண்டோர் இறங்கிப் பார்த்தனர்.

இருவாட்சியும் காடும்

அலகின்மேல் மற்றோர் அலகு வைத்தாற்போன்ற மகுடம் உடையது இருவாட்சி. இருவாயன் என்றும் கூறுவர். நார்கண்டம் இருவாட்சியில் ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம், பெண் கருநிறம், இரண்டுக்கும் வால் வெண்மை. ஏழு சதுர கிலோமீட்டரே அதன் உலகம். அத்தீவில் அழிந்தால் அது உலகிலேயே அழிந்ததாகும்.

அதன் இல்லறம் வியப்புக்குரியது. முதிர்ந்த மரத்தின் பொந்தினுள் பெண்பறவை புகுந்து, தன் எச்சத்தாலும் பழச்சிதைவாலும் வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சியிருக்கும். ஆண்பறவை அத்திப் பழங்களை விழுங்கிவந்து ஒவ்வொன்றாக அப்பிளவின் வழி ஊட்டும். குஞ்சுகள் வளரும்வரை பெண்ணின் உயிர் ஆணின் உழைப்பையே சார்ந்திருக்கும். ஆண்பறவைக்கு ஊறு நேர்ந்தால் குடும்பம் முழுதும் பொந்துக்குள்ளேயே முடியும்.

காடு பறவைக்குப் பொந்தும் பழமும் தருகிறது. பறவை விதைகளை விழுங்கித் தீவெங்கும் பரப்பிக் காட்டை மீண்டும் விளைவிக்கிறது. எரிமலைக் கல்லின்மேல் அப்பெருங்காடு நிலைபெற்றிருப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

கரையில் இறங்கிய ஆடுகள்

நாடு விடுதலை பெற்ற பின்னர் எல்லைப்புறக் காவல் கருதி, 1960களின் இறுதியில் நார்கண்டத்தில் காவல் நிலையொன்று அமைக்கப்பட்டது. கப்பல் எப்போதோ வரும் தனித்தீவு. காவலர்க்கு உணவு வேண்டும். 1976இல் சில வெள்ளாடுகள் கொண்டு சென்று விடப்பட்டன. பாரன் தீவில் ஆடுகள் விடப்பட்டதோ அதற்கும் முந்தியது; ஆங்கிலேயர் ஆட்சியிலேயே கப்பலில் வந்த ஆடுகள் அங்குக் காட்டு ஆடுகளாகிப் பெருகின. வெறும் நிலந்தானே, ஆடு மேய்ந்தால் என்ன என்பதே இச்செயல்களுக்கு அடிப்படையாயிருந்த எண்ணம். இதில் தீய நோக்கம் சிறிதும் இல்லை என்பதே இதன் துயரம்.

நார்கண்டத்தில் கொடுவிலங்கு இல்லை. ஆடுகள் நூற்றுக்கு மேல் பெருகின. 1977இல் தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் அவை மேய்ந்து வந்தன. கோவையிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த இரவி சங்கரன் முதலிய ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் இதன் விளைவை எடுத்துக்காட்டினர். நெடுமரங்கள் அப்படியே நின்றன, பறவைகளும் பறந்துகொண்டிருந்தன. தொலைவிலிருந்து பார்ப்போர்க்குக் குறையொன்றும் தெரியாது. ஆயின் காட்டின் தரையில் கன்றுகள் இல்லை. முளைத்தவை எல்லாம் ஆட்டின் வாய்க்குப் போயின. இளைஞர் அனைவரும் பிழைப்புத் தேடி வெளியேற, முதியோர் மட்டும் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஊர்களைக் கமுதிப் பக்கம் காண்கிறோம். வீடுகள் நிற்கின்றன, ஊரும் நிற்கிறது. ஒரு தலைமுறை கழிந்தால் என்னாகும் என்னும் கேள்வியே அங்கு நிற்கும். நார்கண்டத்துக் காடு அந்நிலையை எய்தியிருந்தது. இன்றைய கிழமரம் சாய்ந்தால் நாளைய பொந்துக்கு மரம் இல்லை.

ஆய்வாளர் வற்புறுத்தியதன் பயனாக ஆடுகள் பிடித்து அகற்றப்பட்டன. 1972இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த எஸ். ஏ. உசேன் தீவில் தங்கி ஆராய்ந்தபோது ஏறத்தாழ 400 பறவைகள் இருந்தன என்பது மதிப்பீடு. 2019-20ஆம் ஆண்டுகளில் மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் மேற்கொண்ட ஆய்வு, ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையைத் தந்தது. கணக்கிடும் முறைகள் வேறுபடுவதால் இவ்விரு எண்களையும் நேராக ஒப்பிடுதல் சாலாது. எனினும் சதுர கிலோமீட்டருக்கு 150 என்னும் அளவில், உலகில் வேறெங்கும் கணக்கிடப்படாத செறிவுடன் இருவாட்சிகள் அங்கு வாழ்கின்றன என்பது தெளிவாயிற்று.

இடையே மற்றொரு வழக்கும் எழுந்தது. நார்கண்டத்தில் கடலோரக் காவற்படைக்கு ரேடார் நிலையம் அமைக்கும் திட்டத்தை, அப்போது நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த செயந்தி நடராசன் 2012 ஆகஸ்டில் இருவாட்சியைக் கருதி மறுத்தார். 2014இல் பொறுப்பேற்ற புதிய அரசு அதற்கு இசைவளித்தது. நாட்டின் காவலும் பறவையின் காவலும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எளிய விடை இல்லை. எனினும், ஒரு பறவையின் பொருட்டுத் தலைநகரில் கோப்பு ஒன்று தடைப்பட்டு நின்றது என்பதே, ‘நரகம்’ என்னும் பெயர் எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சான்றாகும்.

இங்கு வந்த கருவேல்

தீவில் ஆடு செய்ததை நம் சீமையில் ஒரு மரம் செய்தது. தென்னமெரிக்கா, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சீமைக் கருவேல் 1870களில் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விறகுக்கு ஆகும், வறண்ட நிலம் பசுமையாகும் என்னும் நல்லெண்ணத்தோடு இராமநாதபுரச் சீமையில் பரவலாக விதைக்கப்பட்டது. இங்கும் எண்ணம் அதுவே: வெறும் நிலந்தானே.

அம்மரம் கண்மாய்க்குள் புகுந்தது, வரத்துக்கால்களை அடைத்தது, தரிசாய்க் கிடந்த வயலைத் தனதாக்கிக் கொண்டது. நாட்டுக் கருவேலும் உடையும் வளர்ந்த இடங்கள் அதன் வசமாயின. அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகள் போகுமிடமெல்லாம் விதை பரப்பின. தீவில் ஆடு கன்றைத் தின்றது. இங்கு ஆடு அயல்மரத்துக்கு விதைகாரன் ஆயிற்று. ஆட்டைக் குற்றம் கூறுவதற்கில்லை. மழை பொய்த்த ஆண்டில் மகளின் படிப்புக்கும் மருந்துக்கும் கை கொடுப்பது வீட்டில் கட்டியிருக்கும் இரண்டு வெள்ளாடுகளே. மரத்தையும் முற்றாகப் பழிப்பது நன்றியன்று. கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரித்தன. பிழை உயிரில் இல்லை. இடத்தில் என்ன இருந்தது என்று கேளாமல் கொண்டு வந்தவர் எண்ணத்தில் உள்ளது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்கள் குறித்த கொள்கை வகுத்தது. விதைப்பதற்குச் சில ஆண்டுகள், களைவதற்குத் தலைமுறைகள்.

மீண்டும் கனன்ற மலை

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த பாரன் தீவு 1991 மார்ச்சில் மீண்டும் சீறியது. தழற்குழம்பு மேற்குப் பிளவின் வழியே கடலில் இறங்கிற்று. 1993இல் அங்குச் சென்ற ஆய்வுக்குழு, அத்தீவுக்கு உரியனவாக அறியப்பட்ட 16 பறவை இனங்களுள் ஆறனை மட்டுமே கண்டது. எஞ்சியவற்றுள் மிகுதியாயிருந்தது வெண்கருமை நிறப் பெரும்புறா. 1994-95இலும், 2005இலும், அதற்குப் பின்னர் பல முறையும் மலை கனன்றது. 2017 சனவரியில் ‘சிந்து சங்கல்ப்’ என்னும் ஆய்வுக் கப்பலில் சென்ற கோவாக் கடலாய்வு நிறுவனத்தார், பகலில் சாம்பலும் இரவில் செந்தழற் பொழிவும் எழக் கண்டனர்.

இயற்கையின் அழிவுக்கும் மனிதன் விளைவிக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகும். தழலால் எரிந்த சரிவில் சாம்பல் ஆறியபின் காற்றும் கடலும் புறாவும் மீண்டும் விதை கொண்டுவரும். எரிமலைத் தீவுகள் அனைத்தும் அவ்வாறு உயிர்பெற்றனவே. முளைத்த கன்று ஒவ்வொன்றையும் நாள்தோறும் மேயும் வாய்க்கு அத்தகைய இடைவெளி இல்லை.

பாரன் தீவை இன்று சுற்றுலாக் கப்பலில் சென்று காண்போர் கடலில் நின்றபடியே பார்த்துத் திரும்புவர். கரையிறங்க இசைவு இல்லை. நார்கண்டத்துக்கோ சிறப்பு இசைவு பெற்ற சிலரே செல்ல இயலும். காண விழைவோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளில் கரையிறங்கியோர் விட்டுவந்தவற்றை எண்ணினால், இத்தடையும் ஒருவகை மரியாதையே எனத் தெளியலாம்.

நிறைவாக

கிளர்ச்சியாளர் மயிலப்பன் பிறந்த சித்திரங்குடியின் கண்மாய் 1989இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அண்மையிலுள்ள காஞ்சிரங்குளமும் அவ்வாண்டிலேயே அச்சிறப்பைப் பெற்றது. மழை பெய்து கண்மாய் நிறையும் ஆண்டுகளில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூழைக்கடாக்களும் நீருள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. தண்ணியில்லாக் காடு என்று மனிதர் பெயரிட்ட இடத்துக்கு, நெடுந்தொலைவு பறக்கும் புள்ளினம் நீரை நம்பி வருகிறது. அவ்விரு தீவுகளுக்கும் ஒரு ஹியூமும் ஓர் உசேனும் ஓர் இரவி சங்கரனும் வாய்த்தனர். நம் கண்மாய்களுக்கு வாய்க்க வேண்டியவர் யார்?

அப்பணிக்குக் கப்பல் வேண்டியதில்லை. கி. இராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கிய முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது. இவ்வட்டாரத்து ஒவ்வோர் ஊரிலும் ஏந்தல், ஊருணி, கண்மாய், வரத்துக்கால் ஆகியவற்றின் பெயர்களையும், அங்கு வரும் பறவைகளுக்கும் வளரும் செடிகளுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களையும், அவை எந்த மாதத்தில் வரும், எதைத் தின்னும் என்று அவர்கள் அறிந்தவற்றையும் கேட்டெழுதித் தொகுத்தல் வேண்டும். இலக்கிய அமைப்புகளும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் இணைந்தால் சில ஆண்டுகளில் நிறைவேறக் கூடியது இது. அப்பெயர்களைச் சொல்வோர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள் என்பதால், காலம் தாழ்த்துதல் ஆகாது.

பெயர் தெரிந்த கண்மாயை எளிதில் எவரும் தூர்த்துவிட முடியாது. பாழ் என்றும் நரகம் என்றும் காடு என்றும் பிறர் எழுதிய பெயர்களுக்கு எதிரே, ஊரார் அறிந்த பெயர்களை எழுதிவைத்தல் தமிழ் கற்றோர் இச்சீமைக்குச் செய்யத்தக்க முதற்கடனாகும்.